முதல் நாளே அடித்த வாடை

யசோதாவின் மேசையில் ஒரு சோதனைக் கருவி இருந்தது; மென்பொருளின் வடிவமைப்பு மோசமாக இருந்தால், அதில் திறந்ததும் அழுகல் நாற்றத்தை வீசிக் காட்டும். முந்தைய நாள் நின்றுபோய் ஒருவரைக் கொன்ற செயற்கை நுரையீரலின் நிரலை அதில் திறந்ததும் யசோதாவுக்குக் குமட்டியது.

"பின்னால வந்தவங்க ஒட்டுப்போட்டே நாசம் பண்ணிட்டாங்க மேடம்," என்றார் சக பொறியாளர் இர்பான்.

"ஒவ்வொரு வருஷத்துப் பழைய பதிப்பா திறந்து பின்னாடி போங்க. எவன் கெடுத்தான்னு பார்ப்போம்."

பத்து வருடம் பின்னால் போயும் நாற்றம் விடவில்லை. நிரல் பிறந்த முதல் நாளிலேயே செத்த எலிபோல நாறியது. எழுதியவர் பெயர்: யசோதா. அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லா வேலையையும் ஒரே இடத்தில் அவசரமாகத் திணித்திருந்தாள்.

இர்பான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். யசோதா குப்பைக்கூடையில் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு, இறந்தவரின் மகளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அதை எழுதினது நான்தாம்மா."