மூணாம் தண்ணிக்கு முன்னால்

எங்கள் தெரு வேப்பமரம் அன்றைக்குக் குளித்துவிட்டு நின்றது.

காலேஜிலிருந்து காலையிலேயே வந்த மேடம் ஓர் இலையைக் கிள்ளி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மழை பெய்து மூன்று மாதம். பங்குனி வெயில் வேறு.

பக்கத்தில் ஈயக் கம்பெனி மேனேஜர் தாமோதரன் சிரித்துக்கொண்டு நின்றான். நல்ல நாளிலேயே அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காது.

சாத்தாங்காட்டில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற கம்பெனி. எங்கள் மகள் ஜோதிகா ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏழு வயசுப் பிள்ளை, நேற்றுப் படித்தது இன்றைக்கு ஞாபகம் இல்லை. எங்க புகைதான்னு நிரூபி என்றது கம்பெனி. இலையில் படிந்த ஈயத்தை அளந்து சொல்கிறேன் என்று மேடம் வந்ததே அதற்காகத்தான்.

என் பெண்டாட்டி கெங்கம்மா மரத்தைப் பார்த்தாள். தாமோதரனைப் பார்த்தாள். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

ஜோதிகாவுக்கு அம்மை போட்டு நாலு நாள். முதல் நாளே இதே மரத்தில் ஒடித்த வேப்பிலைக் கொத்து வாசல் நிலையில் தொங்கியது. பிள்ளைக்கு அம்மை இறங்கி மூணாம் தண்ணி ஊற்றும்வரை அதை எடுக்கக் கூடாது.

பிடுங்கினாள்.

தெருவே ஐயய்யோ என்றது.

“ஆத்தா கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன். நீ இத்த தொடச்சிப் பாரு மேடம்!”

மேடம் துடைத்தார். துணி கறுத்துப் போனது. இதைத்தானே என் பிள்ளை மூச்சோடு உள்ளே இழுத்திருக்கிறாள்.

தாமோதரன் அசரவில்லை. இது எந்தக் குப்பைமேட்டு இலையோ என்றான். இந்த மரத்து இலை என்றால் மரத்தை யாரோ கழுவியிருக்க வேண்டுமே, கழுவினதைப் பார்த்தவன் இருந்தால் கையெழுத்துப் போடட்டும் என்றான்.

ஒருத்தரும் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

கெங்கம்மா என் பக்கம் திரும்பினாள். என் பேண்ட் முட்டிவரை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

நான் ஓட்டுகிற கம்பெனித் தண்ணி லாரியின் சாவியை எடுத்துத் தாமோதரன் சட்டைப் பையில் போட்டேன்.

“நாந்தான்யா கயுவுனேன். வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்னு மெரட்டுன, பயந்துகினு கயுவுனேன். இப்ப தூக்கிக்கோ.”

மேடத்திடம் பேனாவுக்குக் கையை நீட்டினேன்.