வேதத்தில் சேர்ந்த கோழி

கடலோரக் கோட்டையின் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளிக்கோழியும், தண்ணீர்த் தொட்டியில் ஒரு மடவை மீனும் இருந்தன. கோட்டையை ஆண்ட கப்பல்காரர்கள் வருஷத்தில் நாற்பது நாள் நோன்பிருப்பார்கள். அப்போது கறி கூடாது, மீன் தின்னலாம். இது காதில் விழுந்ததுமே கோழி அந்தத் தொட்டியில் மூன்று முழுக்குப் போட்டு அவர்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டது.

"அப்ப என் கதி என்னக்கா?" என்றது மடவை.

"அஞ்ஞானி மாதிரி பேசாதடி. விசுவாசம் இருந்தா கத்தி கிட்டயே வராது" என்றது கோழி, இறகை உதறிக்கொண்டே.

நோன்பின் பத்தாம் நாள் பீரங்கி முழங்கியது. வேறு கப்பல்காரர்கள் வந்து கொடியை மாற்றினார்கள். மறுநாள் காலையில் புதுச் சமையல்காரன் கத்தியோடு வந்து கோழியின் காலைப் பிடித்தான்.

"ஐயோ, நான் வேதக்கோழி! நோன்பு நடக்குது!"

"எங்களுக்கும் அதே வேதம்தான். நோன்பை மட்டும் நீக்கிட்டோம்" என்றான் அவன்.

மடவைக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுவல்லவா மெய்யான வேதம்! ஐயா, நான் முழுக்குலயேதான் இருக்கேன். என்னை இப்பவே சேர்த்துக்குங்க!"

தலைகீழாகத் தொங்கிய கோழி கழுத்தை நீட்டிக் கடலைப் பார்த்தது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்களுக்குப் பின்னால வேற கப்பல் ஏதும் வருதா?"