மூணு சதவீதம்

ஆன்லைன் விளையாட்டில், சண்டையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்லும் கணிப்பானைக் கேட்காமல் பிரவீண் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டான். படுத்த படுக்கையாகிவிட்ட அவன் மனைவி தர்ஷினிக்கோ, நடமாட மிச்சமிருந்த ஒரே இடம் அந்த விளையாட்டுதான். தினமும் குகை வாசலில் நின்று கூப்பிடுவாள்.

"உள்ள போலாம் வாங்க."

"பூதம் இருக்கு. நாம ஜெயிக்க மூணு சதவீதம்தான் வாய்ப்புன்னு கணிப்பான் சொல்லுது."

"தோத்தா தோத்துட்டுப் போறோம். உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்ங்க."

"இன்னும் நல்ல வாள் கிடைக்கட்டும், தர்ஷி."

அவள் காரியம் முடிந்த அன்று, கணிப்பானை அணைத்துவிட்டு அவன் தனியே நுழைந்தான். பத்தடிகூட வைத்திருக்க மாட்டான், எதிரே ஏரி விரிந்தது. கரையெல்லாம் மின்மினிகள்.

பூதம் வெகு தூரத்தில், முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.