ஐந்தாவது தடவை வராதவர்கள்

சுவரில் மாட்டியிருந்த டிவியில் நான்கு கட்டைகள் எழுந்து நின்றன. மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்புக் கட்டைக்குக் கீழே புதுசின் பெயர் இருந்தது.

புதுசு என்பது அந்த பிசியோதெரபி கிளினிக்கில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். ஆளுக்கு வயது நாற்பத்தொன்று. பிள்ளைகளை வளர்க்கப் பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நிரந்தரமா, இல்லையா என்று சொல்லவேண்டிய நாள் இன்று. "சாயங்காலம் நல்ல சேதியோட வர்றேன்" என்று காலையில் மகளிடம் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தாள்.

கிளினிக்கின் சொந்தக்காரரை ஊழியர்கள் 'சார்' என்பார்கள், நோயாளிகள் 'பெரிய டாக்டர்' என்பார்கள். போன மாதம் அவர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். யார் கையில் எத்தனை நோயாளி, எத்தனை தடவை வந்தார்கள், எப்போது நின்றார்கள் என்று எல்லாவற்றையும் அது கோடாகவும் கட்டையாகவும் போட்டுக் காட்டியது. புது மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்ப்பதுபோல அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறு பேரை உங்ககிட்ட அனுப்பியிருக்கேன்மா. எல்லாருக்கும் பத்துப் பத்துத் தடவைன்னு எழுதிக் குடுத்திருக்கோம். அதுல இருபத்தொம்பது பேர் அஞ்சாவது தடவை இந்தப் பக்கமே வரல" என்றார் பெரிய டாக்டர்.

புதுசுக்குக் காது மடல் சுட்டது. மற்ற மூன்று தெரபிஸ்டுகளும் ரிசப்ஷன் அக்காவும் சுற்றி நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"நானா சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது. அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது. நாலு தடவை மரியாதைக்குப் பொறுத்துப் பாத்திருக்காங்க. அதுக்கப்புறம் தலை தப்பிச்சாப் போதும்னு ஓடிட்டாங்க."

"நான் ஒழுங்காத்தான் சார் செஞ்சேன்..."

"இத்தனைக்கும் புது ஆளாச்சேன்னு உங்களை அம்போன்னு விட்டுடல. மூணு தடவை நீங்க பாத்ததும், அடுத்த தடவை நானே வந்து பாத்துத் தேத்திக் குடுக்கறேன். வேற யாருக்காவது இதைச் செய்யறேனா?"

மற்ற மூன்று பேரும் இல்லையென்று ஒன்றாகத் தலையாட்டினார்கள். இவ்வளவு தாங்கிப் பிடித்தும் தேறாதவள் என்று இன்னொரு பட்டமும் சேர்ந்துகொண்டது.

புதுசு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். ஒரு காலத்தில் தொட்டவுடனே எங்கே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும் கை. பதினோரு வருடம் பாத்திரம் தேய்த்ததில் தொழில் மறந்துவிட்டது போலிருக்கிறது. அதைச் சொல்லக்கூட ஆளில்லாமல், இருபத்தொன்பது பேரும் வாய் திறக்காமல் போயிருக்கிறார்கள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என் கையிலதான் சார் ஏதோ கோளாறு. நானே நின்னுக்கறேன்."

பெரிய டாக்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதே சமயம், செய்வதைத் திருந்தச் செய்பவர். "காரணம் தெரியாம ஒருத்தரை அனுப்பினேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. நின்னு போனவங்ககிட்ட காரணம் கேட்டு எழுதணும்னு இதுல ஒரு கட்டமே இருக்கு. காலியாக் கிடக்கு பாருங்க" என்றவர், ரிசப்ஷன் அக்காவிடம் திரும்பினார். "அந்த லிஸ்டுல முதல் ஆளுக்குப் போன் போடும்மா. ஸ்பீக்கர்ல போடு."

"எல்லார் முன்னாடியும் வேண்டாமே சார்" என்றாள் புதுசு. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இதுல என்னம்மா ஒளிவுமறைவு? எல்லாருக்கும் ஒரு பாடம்."

லிஸ்டில் முதல் ஆள் ஒரு தையல்காரம்மா. முட்டியில் ஆபரேஷன் ஆனவர். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"கிளினிக்லேருந்து பேசறேம்மா. நாலு தடவை வந்தீங்க, அப்புறம் ஆளையே காணோமே? முட்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டாள் ரிசப்ஷன் அக்கா.

"எங்கேம்மா சரியாச்சு? கடைசியா வந்துட்டுப் போன அன்னிக்கு உயிரே போயிடுச்சு. ரெண்டு நாள் தையல் மெஷின்ல கால் வைக்க முடியல. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. இனிமே அந்தப் பக்கம் தலைவச்சே படுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

பெரிய டாக்டர் 'கேட்டீர்களா?' என்பதுபோல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். புதுசு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவளுக்கு. மகளின் முகம் வேறு கண்முன் வந்து நின்றது.

வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லும்படி பெரிய டாக்டர் ஜாடை காட்டினார்.

"கவலைப்படாதீங்கம்மா. மறுபடி வாங்க. இந்தத் தடவை அந்தப் புது அம்மா வேண்டாம், வேற ஆளை விட்டுப் பாக்கச் சொல்றோம்" என்றாள் ரிசப்ஷன் அக்கா.

"ஐயையோ, அவங்களை ஏம்மா மாத்தறே? மூணே நாள்ல என்னை எழுப்பி நடக்கவச்ச மகராசியாச்சே!" என்று பதறினார் தையல்காரம்மா. பிறகு, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"நாலாவது நாள் வந்து முட்டியை மடக்கினாரே, அந்தப் பெரிய டாக்டர் லீவு போடற நாளாப் பாத்துச் சொல்லு, ஓடியே வந்துடறேன்!"