வாயைத் திறக்காத மீன்

தனசிங் ஆசைக்கு டிஸ்கஸ் என்னும் தட்டு வடிவ அலங்கார மீன் வளர்ப்பவர். அவர் வீட்டு மாடி அறை முழுக்கத் தொட்டிகள். கடைசித் தொட்டியில் ஒரு சிவப்பு ஜோடி, முட்டையிட வைத்திருந்த மண் கூம்பில் ஒட்டியிருந்த முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

படியில் பேச்சுக்குரல் கேட்டது. மீன் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

"வந்துட்டாங்க! சீக்கிரம் எல்லாத்தையும் முழுங்கிடலாம். நம்ம வயித்துக்குள்ள இருந்தா யாரும் தொட முடியாது" என்றது ஆண்மீன்.

"போன ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னீங்க. அந்தப் பிள்ளைங்க இன்னும் வெளிய வரலை" என்றது பெண்மீன்.

ஆண்மீன் கூம்புக்கு முன்னால் போய் நின்று வாயை இறுக மூடிக்கொண்டது.

நீலம், மஞ்சள், புள்ளி போட்டது என்று வியந்தபடி வந்தவர்கள் கடைசித் தொட்டியின் முன் நின்றார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். ஆண்மீன் பயத்தில் கறுத்துப்போனது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னங்க, இது மட்டும் கரியாட்டம் இருக்கு?" என்று சிரித்துவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள்.

"போயிட்டாங்க. இனிமே வாயைத் திறங்க" என்றது பெண்மீன்.

ஆண்மீன் மாட்டேன் என்று வாலை ஆட்டியது. ஆட்கள்தான் போயிருந்தார்கள். பயம் இன்னும் போகவில்லை.