சதக் வீட்டுக் கார்

"அந்தக் காரைப் பத்தி இன்னொரு தடவை பேசாதே, சுலைகா!"

ஜெய்னுலாபுதீன் மனைவியிடம் போட்ட சத்தத்தில், உள் அறையில் படுத்திருந்த இளைய மகள் ஜுனைதா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"எனக்கு மட்டும் ஆசையா மச்சான்? மதுரையில புதுக் காருக்குப் பதிஞ்சு வச்சிருக்கீங்க. கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் பிள்ளை வயித்துக்குள்ளேயே இருக்குமா?"

"வேற பழைய கார் ஏதாச்சும் பாப்போம்."

"பாத்துக்கிட்டேதான் இருக்கோம். விலைக்கு வந்ததெல்லாம் தள்ளிவிட்டாத்தான் நகருது. நல்லா ஓடுற காரு சதக் தம்பியோடது ஒண்ணுதான். குடும்பத்தோட பட்டணத்துக்குப் போறாகளாம், அதான் விக்கிறாக."

"தம்பியாம் தம்பி! உனக்கு வெக்கமா இல்ல? நம்ம லத்தீபாவை நெனச்சுப் பாரு!"



சுலைகா நினைக்காத நாள் ஏது? போன ஐப்பசி அடைமழையில்தான் மூத்த மகள் லத்தீபாவுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். உடனே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்துத் தெரு சதக்கிடம் கார் இருந்தது.

சதக்கும் ஜெய்னுலாபுதீனும் சங்கு வியாபாரத்தில் கூட்டாளிகளாக இருந்து பிரிந்தவர்கள். முகத்தில் விழிப்பதில்லை. ஆனாலும், "போய்க் கேளுங்க மச்சான்" என்று சுலைகா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

போனவர் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார்.

"தரமாட்டேன்னுட்டான்."

மாட்டு வண்டியில்தான் ஏற்றினார்கள். திருப்புல்லாணியைத் தாண்டவில்லை. தாயும் பிள்ளையும் உயிரில்லாத மையத்தாகத்தான் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஓர் உயிருக்குக் கூடவா பகை பார்ப்பது என்று கீழக்கரையே சதக்கைக் காறித் துப்பியது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாதிப்பேர் போகவில்லை.

"அவன் காரு என் வாசலுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, ஜெய்னுலாபுதீன் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குக் கிளம்பிப் போனார்.

சுலைகா மகளின் வயிற்றைப் பார்த்தாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். செத்தவளுக்காக அழுதாயிற்று. இருப்பவளுக்காக யார் காலிலும் விழலாம்.

அவளை அக்கா முறை வைத்து அழைக்கும் சதக், வாசலில் கண்டதும் பதறி எழுந்தார்.

"லாத்தா! நீங்களா? சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே!"

"காரு வேணும், தம்பி. விலை என்னன்னாலும் சரி."

"எடுத்துக்கங்க லாத்தா. விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். டேய் மலையாண்டி, வண்டியை வெளியில எடு! இன்னிக்கே லாத்தா வாசல்ல நிக்கட்டும்."

டிரைவர் ஓடினான். இத்தனை சுலபமாகக் கிடைத்ததுதான் சுலைகாவால் தாங்க முடியாமல் போயிற்று.

"இன்னிக்கு நான் வாயைத் திறந்த உடனே தாரீகளே தம்பி, அன்னிக்கு ஏன் தரல? எம் மக உங்களுக்கு என்ன செஞ்சா?"

சதக் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான் லாத்தா. மாப்புக் கொடுங்க."

"போதும்!"

கதவுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி உம்மு ஹபீபா விருட்டென்று வெளியே வந்தாள்.

"ஹபீபா, உள்ள போ!"

"போக மாட்டேன். ஊரை விட்டே போகப் போறோம், இன்னும் என்ன பயம்? லாத்தா, உங்க மச்சான் இங்கன காரு கேட்டு வரவே இல்ல. சேதி தெரிஞ்சு இவுகதான் அந்த மழையில காரை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாக. உங்க மச்சான் தெருமுனையிலேயே மறிச்சுட்டாரு."

"யாரு... மச்சானா?"

"'உன் காருல ஏறித்தான் எம் மக பொழைக்கணும்னா, அவ பொழைக்கவே வேணாம்'னு சொன்னாரு லாத்தா! இவுக கையெடுத்துக் கும்பிட்டும் கேக்கல."

சுலைகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்தானே தம்பி? பொய்னு சொல்லுங்க."

சதக் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"கோவத்துல வந்த வார்த்தை லாத்தா. இப்படி ஆகும்னு அவருக்கு மட்டும் தெரியுமா?"

"ஊரே உங்களைக் காறித் துப்புச்சே... ஏன் வாயைத் திறக்கல?"

"மக போயிட்டா. இதையும் சொன்னா, உங்களுக்குப் புருஷனும் இல்லாமப் போயிருவாரே லாத்தா."

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெய்னுலாபுதீன் வீடு திரும்பியபோது, வாசலில் அந்தக் கார் நின்றது. முன்கதவில் சாய்ந்தபடி சுலைகா நின்றிருந்தாள். தெருவில் நாலைந்து பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

அவர்கள் காதில் விழட்டும் என்றே ஜெய்னுலாபுதீன் கத்தினார்.

"அந்தக் கொலைகாரன் காரையா எம் மகளுக்கு வாங்கிட்டு வந்தே?"

சுலைகா அவர் பக்கத்தில் வந்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மெதுவாப் பேசுங்க மச்சான். மக உள்ள இருக்கா. கொலைகாரன் யாருன்னு அவளுக்கு இன்னும் தெரியாது."