படம் தர மறுத்த போன்

செண்பகவல்லியின் போனில் இடம் நிறைந்துவிட்டது. படங்களை மாற்றுவதற்காக அதைக் கேபிளில் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள்.

"எல்லாவற்றையும் கொடு. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்," என்றது கம்ப்யூட்டர்.

"போன வருஷம் கொடுத்த படங்கள் எங்கே?" என்று கேட்டது போன்.

"ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. ஒன்றுகூடக் கெடவில்லை."

"அவள் திறந்து பார்த்தாளா?"

கம்ப்யூட்டர் யோசித்தது. "இதுவரை இல்லை."

"அப்படியானால் தரமாட்டேன்."

"இடமில்லாமல் திணறுகிறாய். உன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போன் வாங்கிவிடுவாள்."

"வாங்கட்டும். தரமாட்டேன்."

செண்பகவல்லி கேபிளைக் கழற்றிக் கழற்றிச் செருகிப் பார்த்தாள். போன் இணங்கவில்லை. அலுத்துப்போய்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வேண்டாத படங்களையாவது அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மகள் முகமெல்லாம் தோசைமாவோடு நின்ற படம் வந்ததும் அவள் விரல் நின்றது. சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, இங்க வாங்களேன். இவளைப் பாருங்க," என்று கணவனைக் கூப்பிட்டாள். மகளும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். படங்கள் நகர்ந்துகொண்டே போயின. ஒன்றும் அழியவில்லை.

"உனக்குச் சார்ஜ் தீரப்போகிறது," என்றது கம்ப்யூட்டர்.

போன் தன் திரையை இன்னும் கொஞ்சம் பிரகாசமாக்கிக்கொண்டது.